பெட்டி எண் இல்லாத கதவு

அக்கா எட்டாவது மாடியில் மாட்டிக்கொண்டு கிடந்ததற்கு முழுக் காரணம் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பொருட்பண்பு விவரிப்பு வாரியத்துக்கு நான் நடையாய் நடந்த நாட்களில் அங்கே ஒருவர்கூட எதையும் ஒப்புக்கொண்டு நான் பார்க்கவில்லை. அந்தக் குறையை நானாவது தீர்த்துவைக்கிறேன்.

நான் லிஃப்டுகளுக்கு மென்பொருள் எழுதுகிறவன். அக்கா நீச்சல் பயிற்சியாளர். இருபது வருடமாகக் குளத்தோரத்து ஈரத்தில் வழுக்காத அவள் கால், ஒரு மருந்துக்கடை வாசலில் வழுக்கி இரண்டு இடத்தில் முறிந்தது. மாவுக்கட்டோடு அவளை ஒரு வியாழக்கிழமை லிஃப்டில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மறுநாள்தான் எங்கள் கம்பெனி புதிய மென்பொருளை முதல்முறையாக ஏதாவது ஒரு கட்டடத்தில் போட்டுப் பார்க்க முடிவு செய்தது. எந்தக் கட்டடம் என்று மேலாளர் கேட்டார். "எங்க அக்கா இருக்கற கட்டடத்துல போடலாம் சார். ஏதாவது கோளாறுன்னா அக்கா உடனே சொல்லிடுவா" என்று சொன்னவன் நான்.

அக்கா உடனே சொன்னாள்.

"டேய், உன் லிஃப்ட் நகர மாட்டேங்குது. கதவு நல்லா மூடுது. மூடிட்டு சும்மா நிக்குது. வாட்ச்மேன் உள்ள போய் எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பாத்துட்டாரு."

"பாத்துடறேன் அக்கா."

"பாத்துடறேன்னு சொல்லாத, சரி பண்ணு. அடுத்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இறுதிப் போட்டி. நாலு வருஷமா இந்தப் பொண்ணுங்களத் தண்ணியில போட்டு எடுத்திருக்கேன். நான் கரையில நின்னு கத்தலைன்னா கடைசியா நீந்தற பொண்ணு பாதியிலேயே யோசிக்க ஆரம்பிச்சிடுவா. நீந்தும்போது யோசிச்சா விளங்குமா?"

சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். ஏழாவது மாடியில் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, அக்கா ஒற்றைக் காலில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மேலே ஏறி வீட்டுக்குப் போனாள். ஒரு மாடி ஏற முக்கால் மணி நேரம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பழைய மென்பொருளையே திரும்பப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். புதியது ஏறிய நிமிடமே பழையதன் சான்று காலாவதியாகிவிடும் என்பது விதி. ஆக, ஓடிக்கொண்டிருந்ததற்குச் சான்று இல்லை. ஓடாததற்கு மூன்று வருடத்துக்குச் சான்று இருந்தது.

இங்கே கொஞ்சம் தொழில் விஷயம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரிகிற எண்களாக மாற்றுவது கம்பைலர். மாற்றும்போதே அது பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதிவைக்கும். எது எங்கே இருக்கிறது, யாரைக் கேட்டால் தெரியும் என்கிற குறிப்பு. கோளாறு வந்தால் டீபக்கர் என்கிற இன்னொரு மென்பொருள் அந்தக் குறிப்பைப் படித்துத்தான், உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களுக்குச் சொல்லும். குறிப்பில் இல்லாதது டீபக்கரைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை.

லிஃப்ட் என்கிற பொருளிடம் சில கேள்விகள் கேட்கலாம். எந்த மாடி, எவ்வளவு எடை, கதவு மூடியதா. இவற்றைத்தான் பண்புகள், ஆங்கிலத்தில் ப்ராப்பர்ட்டி, என்கிறோம். சில பண்புகளுக்குப் பதில் ஒரு பெட்டியில் தயாராக இருக்கும். சிலவற்றுக்குப் பெட்டியே கிடையாது. கேட்கும்போதெல்லாம் ஓர் ஆள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். ஆள் என்றால் ஆள் இல்லை, நாலு வரி நிரல். அவருக்கு எடுப்பவர் என்று பெயர். பண்பை மாற்றி எழுதுகிறவர் வைப்பவர். கதவு மூடியதா என்பதைக் கதவுதான் முடிவு செய்யும் என்பதால் அந்தப் பண்புக்கு வைப்பவர் இல்லை.

நான் ஒயர்களைப் பார்த்தேன், உணரிகளைப் பார்த்தேன், மோட்டாரைத் தடவிக்கூடக் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் டீபக்கரிடம் "கதவு மூடியது" என்ற பண்பின் மதிப்பைக் கேட்டேன். "அப்படி எதுவும் இல்லை" என்றது. கம்பைலரின் குறிப்பைத் திறந்தால், பெட்டி உள்ள பண்புகள் எல்லாம் வரிசையாக இருந்தன. பெட்டி இல்லாத என் பண்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரே வரி: "விவரிக்க அனுமதி இல்லை. வாரியத்தை அணுகவும்."

திங்கட்கிழமை காலை வாரியத்தை அணுகினேன். விசாரணை ஜன்னலில் இருந்த அம்மாள் தலையை நிமிர்த்தாமல், "என்ன விஷயம்?" என்றார்.

வாய் பழக்கம், "ஒரு ப்ராப்பர்ட்டி விஷயம் மேடம்" என்று சொல்லிவிட்டேன்.

"இரண்டாவது மாடி, சொத்துப் பிரிவு" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

சொத்துப் பிரிவில் ஒரு பெரிய மேசை, அதன் பின்னால் ஒரு சிறிய எழுத்தர். அவரிடம் ஐந்து நிமிடம் கம்பைலர், குறிப்பு, டீபக்கர் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"வடக்கே என்ன இருக்கு?"

"எதுக்கு வடக்கே சார்?"

"சொத்துக்கு. நாலு எல்லை சொல்லணும்ல."

"சார், இது அந்தச் சொத்து இல்ல. லிஃப்டோட கதவு மூடியிருக்காங்கற..."

"கதவுக்கு வடக்கே?"

யோசித்தேன். "சுவர் சார்."

"தெற்கே?"

"லிஃப்ட்."

எழுதிக்கொண்டார். "அசையும் சொத்தா, அசையாச் சொத்தா?"

"அசையணும் சார். அதுதான் பிரச்சினையே. மூணு நாளா அசையல."

"பன்னிரண்டு வருஷம் அசையாம இருந்தாதான் அசையாச் சொத்து. நீங்க இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். என்னை நாளைக்கு நாலாவது மாடிக்குப் போகச் சொல்லிவிட்டு, நாலு எல்லையையும் தன் பதிவேட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நாலாவது மாடிதான் சரியான இடம். அங்கே ஓர் அதிகாரி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு, எனக்காகவே காத்திருந்தவர்போல ஒரு படிவத்தை நீட்டினார். பொருளின் பெயர், பண்பின் பெயர், எடுப்பவர் பெயர், வைப்பவர் பெயர், பெட்டி எண். ஆறு பிரதி. நான் என் நிரலில் இருந்த வரியைப் பார்த்து ஆறு முறை எழுதினேன். பொருள்: லிஃப்ட். பண்பு: கதவு மூடியது. எடுப்பவர்: கதவு திறந்ததா பார். வைப்பவர்: இல்லை. பெட்டி எண்: இல்லை.

அவர் படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அளவுகோல் வைத்து ஓரத்தை அளந்தார். எடுப்பவர் பெயரில் எழுத்துப்பிழை இல்லை என்று எழுத்து எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்து, முத்திரை குத்தினார். பெட்டி எண்ணில் வந்து நின்றார்.

"பெட்டி எங்க?"

"பெட்டி கிடையாது சார். கேக்கும்போது எடுப்பவர் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுவாரு."

"அவர் சொன்னத எங்க வைப்பீங்க?"

"எங்கயும் வைக்க மாட்டோம். கேட்டுட்டு விட்டுடுவோம்."

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு என்னை முதல்முறையாகப் பார்த்தார். "ஒருத்தர் சொல்றாரு, இன்னொருத்தர் கேக்கறாரு, எங்கயும் எழுதி வைக்கல. இதுக்குப் பேரு பண்பு இல்ல தம்பி, வதந்தி."

"சார், எல்லா லிஃப்ட்டுலயும் இப்படித்தான்."

"வதந்தி எல்லா இடத்துலயும்தான் இருக்கு. அதுக்காக வாரியம் அத விவரிக்க முடியுமா? ஒண்ணு பண்ணுங்க. சும்மா ஒரு பெட்டி வாங்கி வைங்க. உள்ள எதுவும் வேண்டாம். எண் மட்டும் இருந்தாப் போதும்."

"காலிப் பெட்டியப் பாத்து லிஃப்ட் ஓடுச்சுன்னா ஆபத்தாச்சே சார்."

"லிஃப்ட் ஓடறது வேற துறை" என்றார்.

காலிப் பெட்டிக்கு என் மனசாட்சி இடம் தரவில்லை. அக்காவே அந்த லிஃப்டில் ஏறப்போகிறவள். முடியாது என்று சொன்னேன். அப்படியானால் விஷயம் குழுவுக்குத்தான் போக வேண்டும், குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும் என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்து, "நாளைக்குத்தான் கூடுது" என்று சேர்த்துக்கொண்டார். அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

புதன்கிழமை குழு கூடியது. ஐந்து உறுப்பினர்கள், ஒரு தலைவர், மேசை நடுவே என் படிவம். தலைவர் எழுந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டார். அவர் பேசியதை அப்படியே தருகிறேன். நான் எதையும் சேர்க்கவில்லை, சேர்க்கத் தேவையும் இருக்கவில்லை.

"நண்பர்களே, கம்பைலர்கள் பண்புகளை எப்படி விவரிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பு இருபத்திரண்டு ஆண்டுகளாக நம் தோளில் இருக்கிறது. இந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் பெட்டியில்லாப் பண்பு பற்றித் தவறான விவரிப்பு ஒன்றுகூட இந்த வாரியத்திலிருந்து வெளியே போனதில்லை. சரியான விவரிப்பும் போனதில்லை. எதுவுமே போனதில்லை. இந்தச் சாதனையை இன்றைக்கு ஒரு லிஃப்டுக்காக நாம் இழக்கப்போகிறோமா என்பதே கேள்வி."

எல்லோரும் கை தட்டினார்கள். பழக்க தோஷம், நானும் தட்டினேன்.

ஓர் உறுப்பினர் வைப்பவர் பகுதியைச் சுட்டிக்காட்டினார். "இல்லைன்னு எழுதியிருக்காரு. இல்லையா, காலியா? ரெண்டும் வேற. காலின்னா நிரப்பணும்."

"அந்தப் பண்ப யாரும் மாத்தக் கூடாதுங்க. அதனால வைப்பவரே தேவையில்ல" என்றேன்.

"தேவையில்லைன்னா பதவிய எதுக்கு உருவாக்கினீங்க?"

"நான் உருவாக்கலைங்க. உங்க படிவத்துல இருந்தது."

தலைவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "படிவத்தைக் குறை சொல்வது எளிது. அதை நிரப்புவதுதான் கடினம். அந்தக் கடினத்தை மக்களுக்குக் கொடுத்து, நாங்கள் எளிதான பகுதியை எடுத்துக்கொண்டிருக்கிறோம்." அதற்கும் கை தட்டினார்கள்.

இன்னொரு உறுப்பினர், இதுவரை கண்ணை மூடியிருந்தவர், "எடுப்பவர் நேர்ல வந்திருக்காரா?" என்று கேட்டார். நிரல் வர முடியாது என்று சொன்னேன். உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். மூன்று மணி நேரம் போனது. பெட்டி எண் என்ற இடத்தில் 'இல்லை' என்பதற்குப் பதிலாக 'பொருந்தாது' என்று எழுதலாமா என்பதற்கே முக்கால் மணி. முடிவில் ஐந்து பேரும் படிவத்தை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் போட்டார்கள். ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆனால் ஆணை கைக்கு வர, சரிபார்ப்பாளர் நேரில் வந்து பார்க்க வேண்டுமாம். பதினைந்து நாளுக்குள் வருவார்.

போட்டிக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

வியாழக்கிழமை மாலை எட்டு மாடி ஏறி அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் காலை ஸ்டூலில் நீட்டிப்போட்டு உட்கார்ந்து, போனில் யாரோ ஒரு பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தாள். "தோள இறக்கு, தோள இறக்குன்னு எத்தனை தடவ சொல்றது? நான் இல்லைன்னா என்ன, காதுல என் குரல் கேக்கணும்." போனை வைத்ததும் அவள் முகம் மாறியது. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"மன்னிச்சிடு அக்கா. பதினஞ்சு நாள் ஆகுமாம்."

"அப்படி என்னதான்டா கேட்டாங்க உன்கிட்ட?"

ஆறாவது பிரதி என் பையில் இருந்தது. பக்கத்துக்கு ஐந்து சுருக்கொப்பம், ஏழு முத்திரை. எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்துப் படித்தாள். கம்பைலர் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. நீச்சல் குளத்தில் யார் எந்தத் தடத்தில் நிற்க வேண்டும் என்ற பட்டியலைத்தான் அவள் வாழ்நாளெல்லாம் படித்திருக்கிறாள்.

"கேக்கறது என்ன? கதவு மூடியிருக்கா."

"ஆமா."

"பாக்கப் போறவன் பேரு என்ன? கதவு திறந்ததா பார்."

"ஆமா."

"ஏன்டா, மூடியிருக்கான்னு கேக்கறதுக்கு, திறந்திருக்கான்னு பாக்கறவன எதுக்குடா அனுப்பற?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

போன மாதம் எடுப்பவர்களுக்கெல்லாம் பார் ஒன்று, பார் இரண்டு என்று அசிங்கமான பெயர்கள் இருந்தன. ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று எல்லாவற்றுக்கும் அழகான பெயர் வைத்தவன் நான். அப்போது இந்தப் பண்புக்கு மட்டும் தவறான எடுப்பவர் வந்துவிட்டார். கதவு மூடியிருக்கும்போதெல்லாம் அந்த ஆள் போய்ப் பார்த்துவிட்டு, "திறந்திருக்கிறதா? இல்லை" என்று நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். லிஃப்ட் அதை "மூடியிருக்கிறதா? இல்லை" என்று எடுத்துக்கொண்டு, மூடாத கதவோடு ஓடக் கூடாதே என்று பொறுப்பாக நின்றிருக்கிறது. அந்த வரியை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். என் கையால் ஆறு முறை எழுதியிருக்கிறேன். நாலாவது மாடி அதிகாரி எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். ஐந்து உறுப்பினர்கள் ஒப்பம் போட்டார்கள். அத்தனை பேரும் சரிபார்த்தோம், ஒருவரும் படிக்கவில்லை.

"நீ படிச்சவன்தானே?" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு இரண்டு நிமிடம் அவள் பேசியதை இங்கே எழுத முடியாது.

ஒரே ஒரு வரி. மடிக்கணினியைத் திறந்து பெயரை மாற்றினேன். மேலாளரிடம் போனில் சொல்லி, கம்பெனியின் சோதனைகளை ஓட்டி, இருட்டும் முன்பே லிஃப்டில் ஏற்றிவிட்டேன். வாட்ச்மேன் உள்ளே போய் எட்டை அமுக்கினார். கதவு மூடியது. ஒரு நொடி. பிறகு லிஃப்ட் கிளம்பிய அந்த உறுமல் கேட்டபோது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணி. அக்கா விசிலைக் கழுத்தில் மாட்டி, ஊன்றுகோலைக் கையில் எடுத்துத் தயாராக நின்றாள். கதவைத் திறந்தால் வாசலில் ஒரு மனிதர் கையில் தடித்த கோப்போடு, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வாரியத்தின் சரிபார்ப்பாளர். பதினைந்து நாள் என்றால் பதினைந்தாம் நாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வாரியம் முதல்முறையாகச் சீக்கிரம் வந்திருந்தது.

"லிஃப்ட்ல வந்திருக்கலாமே சார்" என்றேன்.

"லிஃப்ட் ஓடலைன்னு கோப்புல இருக்கே" என்று மூச்சுக்கு நடுவே சொன்னார். "ஆணை கொண்டுவந்திருக்கேன். பண்பு சரியா விவரிச்சபடி நடந்துக்குதான்னு பாத்துட்டு கையெழுத்து வாங்கிட்டுப் போயிடுவேன்."

"சார், அதுல ஒரு தப்பு இருந்தது. நேத்து திருத்திட்டேன்."

"எதுல தப்பு?"

"எடுப்பவர் பேருல. மூடியிருக்கான்னு கேட்டா திறந்திருக்கான்னு பாத்துச் சொன்னாரு. இப்ப லிஃப்ட் நல்லா ஓடுது."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "குழு ஒப்புதல் குடுத்ததத் திருத்திட்டீங்களா? ஆணையில மூணாவது பத்தி படிங்க. எந்தப் பொருளும் தன் விவரிப்புக்கு மாறாக நடந்துகொள்ளக் கூடாது."

"லிஃப்ட் கதவப் பாருங்க சார், கண்ணு முன்னாடி இருக்கு."

"தம்பி, கோப்புல இருக்கறதுதான் கதவு. இது வெறும் இரும்பு. பழையபடி மாத்துங்க. நான் சரிபார்த்ததும், திருத்தம் வேணும்னு புதுசா ஒரு மனு போடுங்க. ரெண்டு மாசத்துல குழு கூடும்."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சின்னப் பிள்ளைகளை முதல்முறை தண்ணீரில் இறக்கும்போது பேசும் அந்த இதமான குரலில் அவரிடம் பேசினாள்.

"சார், வெளிய நின்னுகிட்டே எப்படிச் சரிபார்ப்பீங்க? உள்ள வாங்க. கதவ மூடிப் பாத்து, திறந்து பாத்து, நிதானமா குறிச்சுக்குங்க."

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. மூவரும் லிஃப்டில் ஏறினோம். அக்கா தரைத்தளத்தை அமுக்கினாள். கதவு மூடியது. அவர் கோப்பைப் பிரித்து, மூடிய கதவை ஏறிட்டுப் பார்த்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார்: "கதவு மூடியது: இல்லை. கதவு தற்போது திறந்துள்ளது. விவரிப்போடு பொருந்துகிறது." பக்கத்தில் ஒரு டிக் போட்டதும் அவர் முகம் மலர்ந்தது. லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கான பகுதி எதுவும் அவர் படிவத்தில் இல்லை.

தரைத்தளம் வந்தது. கதவு அகலமாகத் திறந்தது. வெயில் உள்ளே விழுந்தது, வாசலில் டாக்சி நின்றது. அக்கா ஊன்றுகோலை ஊன்றி வெளியே வந்தாள். எட்டு மாடிக்குக் கீழே, ஒரு வாரத்துக்குப் பிறகு. நான் பின்னால் வந்தேன். அவர் வரவில்லை.

"வாங்க சார், கீழ வந்தாச்சு" என்றாள் அக்கா.

அவர் திறந்த கதவைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். "கதவு மூடியது: ஆம்" என்று எழுதி டிக் போட்டார்.

"எப்படிங்க வர்றது? மூடியிருக்கே."

"அப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"திறக்கட்டும், வந்துடறேன். நீங்க போங்க மேடம், நேரமாச்சு உங்களுக்கு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா ஊன்றுகோலால் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். டாக்சியில் அவள் காலை மெதுவாகத் தூக்கி வைத்தேன். ஒன்பது மணிகூட ஆகவில்லை, குளம் இருபது நிமிடத் தூரம்தான். எங்களுக்குப் பின்னால் லிஃப்ட் கதவு, தனக்கே உரிய நிதானத்தில், மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

டிரைவர் வண்டியைக் கிளப்பும்போது கட்டடத்துக்குள்ளிருந்து 'டங்' என்று ஒரு சத்தம். யாரோ வேகமாக நடந்துபோய் இரும்பில் மோதிக்கொண்ட மாதிரி இருந்தது.

"திறந்துடுச்சு போல" என்றாள் அக்கா.